மீன் அலசிய தண்ணீர்

என்னிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் ஓரிடத்தில் தொடர்ந்து ஆறு வாரத்துக்குச் சைபர் போட்டிருக்கிறேன். பார்க்கவே அசிங்கமாக இருக்கிறது, அழித்துவிடு என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அழிக்கவில்லை. ஏன் அழிக்கவில்லை என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் நான் அங்கன்வாடி டீச்சர். கணவர் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். எங்கள் ஊரை ஒட்டி, மணல் மேட்டின் சரிவில், உகா மரங்கள் புதர் புதராக மண்டிக் கிடக்கின்றன. பல் விளக்க யாராவது குச்சி ஒடிப்பார்கள், ஆடு மேயும். மற்றபடி அதை ஒரு பொருட்டாக யாரும் நினைத்ததில்லை, நானும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வந்த ஐந்து பேர் அந்தப் புதர் முன்னால் குனிந்து நின்று எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். கம்மல் கிம்மல் தொலைத்துவிட்டார்களோ என்று உதவிக்குப் போனேன். அவர்கள் தேடியது பட்டாம்பூச்சி முட்டையை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவர்களில் ஒரு அம்மா இலையைத் திருப்பிக் காட்டியபோது சிரிப்பு நின்றுவிட்டது. கடுகில் பாதிகூட இல்லாத முட்டை, வரி வரியாகச் செதுக்கியது மாதிரி. சற்றுத் தள்ளி ஈரமணலில் அதே இனப் பட்டாம்பூச்சி ஒன்று உட்கார்ந்திருந்தது. அவித்த இறாலின் நிறம், ஓரத்தில் கறுப்பு. அதன் இங்கிலீஷ் பெயரில் ஒரு மீனின் பெயர் வருகிறதாம். நம் கடலில் கிடைக்காத மீன். கிடைக்காத மீனின் பெயர் நமக்கு எதற்கு என்று நானே இறால் பூச்சி என்று வைத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் அது முட்டை வைக்க இந்த உகாவைத்தான் நம்பியிருக்கிறது என்றும், புதர் போனால் பூச்சியும் போகும் என்றும் அந்த அம்மா சொன்னார்.

எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் உடும்புப் பிடிதான். அந்த வாரமே நோட்டு வாங்கினேன். அங்கன்வாடி திறப்பதற்கு முன்னால் அரைமணி நேரம், புதரின் முன்னால் உள்ள மணலில் எத்தனை பூச்சி என்று எண்ணி எழுதுவது என் வேலை. வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்து, அதை ஒரு பெரிய தாளில் எழுதி அங்கன்வாடிச் சுவரில் ஒட்டவும் செய்தேன். என்னைத் தன்னார்வலர் என்று சென்னைக்காரர்கள் அழைத்தார்கள்.

“சும்மா போய் நிக்கிறதுக்கு இம்மாம் பெரிய பேரா?” என்றார் என் நாத்தனார்.

நாத்தனார் என் கணவரின் அக்கா. எனக்கு அண்ணி. புருஷன் போன பிறகு கருவாடு போட்டே இரண்டு பெண்களைக் கரையேற்றியவர். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம், எந்த வேலையானாலும் எட்டிவிடும். அந்த உகாப் புதர் முன்னால் இருந்த மணல்தான் அவர் கருவாடு காயவைக்கிற இடம். காலையில் நெத்திலி, காரப்பொடி என்று பொடிமீன்களை அன்னக்கூடையில் போட்டு அலசி, அந்தத் தண்ணீரை அங்கேயே கவிழ்ப்பார். பிறகு மணலில் பழைய வலையை விரித்து அதன்மேல் மீனைப் பரப்புவார். நான் ஒரு பக்கம் பூச்சி எண்ணுவேன், அவர் ஒரு பக்கம் காக்காய் ஓட்டுவார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், சொல்ல வெட்கமாக இருந்தாலும். நான் பொன்னேரிக்கு பஸ்ஸில் போய்ப் படித்தவள். பழவேற்காட்டில் ஏறுகிற எங்கள் பக்கத்தில் இடம் காலியாகவே வரும். திருப்பாலைவனத்தில் ஏறுகிற பெண்கள் பஸ் எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் அந்த இடத்தில் உட்கார மாட்டார்கள். ஒருத்தி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி பொன்னேரி வரை நின்றே வந்தாள். நான் தலைக்குக் குளித்து, பவுடர் போட்டு, மல்லிகை வைத்துப் போன நாள் அது. அந்த முந்தானையை நான் மறக்கவே இல்லை. மறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

சென்னைக் குழு அடுத்த மாதம் இன்னும் பத்துப் பேரோடு வருவதாகச் சொன்னதும் எனக்கு அந்த முந்தானைதான் ஞாபகம் வந்தது. இங்கே வந்து நின்று பத்துப் பேரும் மூக்கைப் பொத்தினால்? யாரும் என்னைக் கேட்கவில்லை, யாரும் எனக்குச் சொல்லித்தரவும் இல்லை. நானாக முடிவெடுத்தேன். கணவரையும் அவர் போட்டில் போகிற இருவரையும் பிடித்து, சவுக்குக் கழி நட்டு, கிழிந்த வலைகளைக் கட்டி, புதரையும் முன்னால் உள்ள மணலையும் சுற்றி ஆள் உயரத்துக்கு வேலி போட்டேன். ஆடு உள்ளே வராது. வேறு யாருக்கும் உள்ளே வேலையில்லை. பூச்சிக்காக ஒரு கோட்டை கட்டிவிட்ட பெருமை எனக்கு.

பிறகு நாத்தனாரிடம் போனேன்.

“அண்ணி, இனிமே இங்க மீன் போடாதீங்க. பூச்சிக்கு ஆவாது. வேற இடம் பாத்துக்கங்க.”

பூச்சிக்கு ஆகாது என்று எனக்கு யார் சொன்னது? யாருமில்லை. வாய் கூசாமல் சொன்னேன்.

அவர் கையில் இருந்த கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வேலியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். சண்டை போடுவார் என்று தயாராக இருந்தேன். போடவில்லை.

“டீச்சரு சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார். கடற்கரைப் பக்கம், போட்டுகள் ஏற்றி வைக்கிற இடத்துக்குப் பின்னால் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன்.

அந்த வாரம் பூச்சி குறைந்தது. அடுத்த வாரம் ஒன்றிரண்டு. அதற்கடுத்த வாரம் சைபர். வெயில் சரியில்லை என்று எழுதினேன். மறுவாரம் காற்று என்று எழுதினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வேலி நன்றாகத்தான் இருந்தது, ஆடு வரவில்லை, புதர் தளதளவென்று தழைத்தது. முன்னால் உள்ள மணல் மட்டும் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. சென்னையிலிருந்து வந்த பத்துப் பேரும் மூக்கைப் பொத்தவில்லை. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள். நான் பிடிவாதமாகத் தினமும் போய் நின்றேன், பிடிவாதமாகச் சைபர் போட்டேன், பிடிவாதமாகச் சுவரில் ஒட்டினேன்.

ஆறாவது சைபர் போட்ட அன்றுதான் கணவர் கரையிலிருந்து வந்து அந்தச் செய்தியைச் சொன்னார்.

“அக்கா கிராமத்தார்கிட்ட கருவாடு காயவெக்க களம் கேட்டிருக்குது. அங்க காத்துக்கு கருவாடு பூரா மண்ணாம். சிமெண்ட்டு களம் போட்டுத் தரேன்னு சொல்லிட்டாங்கோ.”

“நல்லதுதானே. எங்க போடுறாங்க?”

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றினார்.

“உன் புதர் கீதே, அக்காவோட பழைய எடம், அத்த சுத்தம் பண்ணி. வெள்ளிக்கெழம கூட்டத்துல முடிவு பண்ணிட்டு, திங்கக்கெழம ஜேசிபி.”

எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் குழம்பு இருப்பதை மறந்து நேராக நாத்தனாரைத் தேடிப் போனேன். வேண்டுமென்றே செய்கிறார், என்மேல் உள்ள கடுப்பில் மரத்தின்மேல் கைவைக்கிறார் என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டே போனேன். ஏற்றி வைத்திருந்த போட்டுகளைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

நாத்தனார் குந்தியிருந்து மீன் அலசிக்கொண்டிருந்தார். அவர் கவிழ்த்த தண்ணீர் ஓடி ஊறிய மணலில், அவர் கால் கட்டைவிரலுக்கு ஒரு சாண் தள்ளி, இறால் பூச்சிகள். ஒன்றல்ல, இரண்டல்ல. சிறகை மூடிக்கொண்டு, பக்கம் பக்கமாக, பந்தியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. மஞ்சளும் வெள்ளையுமாக வேறு சாதிப் பூச்சிகளும் நடுவில் இருந்தன. அவர் கையை உதறினால் எல்லாம் எழும்பும், திரும்ப உட்காரும். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

“அண்ணி... இதெல்லாம் எப்ப வந்தது?”

“இன்னாத்த கேக்குற? பூச்சியா? என்கூடவேதான் வந்திச்சி. அங்க கெடந்தப்பவும் தண்ணி ஊத்துனா வந்து குந்தும். வருஷக்கணக்கா வருதே, உனுக்குத் தெரியாதா?”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்கள். நான் வெண்ணெயைக் கையிலிருந்து தட்டிவிட்டு, அந்த இடத்துக்கு வேலியும் போட்டுவிட்டு, நெய்க்கு உட்கார்ந்திருக்கிறேன். ஈரமணலில் உள்ள உப்பையும் சத்தையும் தேடி ஆண்பூச்சிகள் வரும் என்று சென்னை அம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். கரை முழுக்க உப்பு ஈரம் இருக்கும்போது புதர் முன்னால் மட்டும் ஏன் வந்து உட்காருகிறது, அந்த ஈரத்தை யார் ஊற்றியது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மீன் வாடை இல்லாத பட்டாம்பூச்சிதான் எனக்கு வேண்டியிருந்தது.

தயார் செய்துகொண்டு போன வசனமெல்லாம் வீண். மணலில் உட்கார்ந்து அழுதேன். நாத்தனார் பயந்துவிட்டார்.

“இன்னாமே ஆச்சு? தம்பிக்கு எதுனா...?”

“ஒண்ணும் இல்ல. நாந்தான் தப்பு பண்ணிட்டேன் அண்ணி. பூச்சிக்கு ஆவாதுன்னு பொய் சொன்னேன். மீன் நாத்தம்னு வெளியூர்க்காரங்க மூக்கப் பொத்துவாங்கன்னுதான் உங்கள அனுப்பினேன்.”

அவர் அலசுவதை நிறுத்தவில்லை. ஒரு கூடை முடித்து, இன்னொரு கூடையை இழுத்துக்கொண்டார்.

“தெரியும்,” என்றார். “வேலி கட்டுறப்பவே தெரியும். இந்த நாத்தத்துலதான் உன் வூட்டுக்காரனும் வளந்தான். சரி, எழுந்திரு, சேலையெல்லாம் ஈரம்.”

அதைவிடக் கன்னத்தில் நாலு அறை விட்டிருக்கலாம். ஆனால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை, வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, என்ன ஆனாலும் அந்தப் புதரை விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். கையைப் பிடித்து அவரை எழுப்பி உகாப் புதருக்கு இழுத்துப் போனேன். இங்கேதான் முட்டை வைக்கும், தண்ணீர் குடிக்க உங்களிடம் வந்தாலும் பிள்ளை பெற இங்கேதான் வரும், இது போனால் உங்கள் காலடியில் உட்காருவதும் சில நாளைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டே இலை இலையாகத் திருப்பினேன். ஆறு வாரமாக மணலை மட்டுமே எண்ணியவள், இலையைத் திருப்பியே பார்க்கவில்லை. எனக்கு ஒரு புழுகூடக் கிடைக்கவில்லை.

“தோ,” என்றார் நாத்தனார். “இதுவா?”

இலையோடு இலையாகப் பச்சைப் புழு. “தோ இன்னொண்ணு. தோ இங்க ரெண்டு.” நெத்திலியில் கலந்த பொடி நண்டை ஒரு பார்வையில் பொறுக்கி எறிகிற கண் அது. நான் ஒன்றைப் பார்ப்பதற்குள் அவர் ஏழு பார்த்துவிட்டார்.

“பச்சப்புள்ளைங்க கெடக்குதே,” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் உடனே நிமிர்ந்துவிட்டார். “அதுக்காவ மண்ணு கருவாட்ட யார் தலையில கட்டுறது? எனுக்குக் களம் வோணும். மண்ணு ஒட்டாத எடம் ஒண்ணு குடு, களம் வேணாம்னு சொல்றேன்.”

அவர் வேலியைப் பார்த்தார். கழியை ஆட்டிப் பார்த்தார், வலையை இழுத்துப் பார்த்தார்.

“நல்ல வலைய இன்னாத்துக்கு நிக்க வெச்சிருக்க? படுக்க வை.”

முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு கழியைப் பிடுங்கி இடுப்பு உயரத்துக்கு வைத்துக் காட்டிய பிறகுதான் புரிந்தது. அன்று மாலைக்குள் வேலி முழுவதையும் பிரித்தோம். அதே கழிகளைக் குட்டையாக வெட்டி நட்டு, அதே வலையை மேலே கட்டில் மாதிரி இழுத்துக் கட்டினோம். மறுநாள் காலை அவர் பழைய இடத்திலேயே மீனை அலசி, தண்ணீரை மணலில் கவிழ்த்து, மீனை வலைக்கட்டிலில் பரப்பினார். கீழிருந்தும் காற்று அடித்தது. ஆடு வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

“நா இன்னா செத்தா பூட்டேன்? காக்கா ஓட்டுறவளுக்கு ஆடு ஓட்டத் தெரியாதா?”

ஆனால் வாக்குக் கொடுக்கவில்லை. “வெள்ளிக்கெழம கருவாட்டக் கடிச்சிப் பாப்பேன். மண்ணு நறுக்குன்னா களம்தான். அப்புறம் அழுவக்கூடாது,” என்றார்.

மூன்றாம் நாள் நோட்டில் ஒன்பது எழுதினேன். ஆனால் சுவரில் ஒட்டியிருந்தது அந்த ஆறு சைபர்தான். அதைக் கிழிக்கலாமா என்று கை போனது. கிழித்தால் கூட்டத்தில் இன்னும் கேவலம் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் கூட்டம். எங்கள் ஊர்க்கூட்டத்தில் ஆண்கள் உட்காருவார்கள், பெண்கள் பின்னால் நிற்போம். குடும்பத்துக்காக ஆண்தான் பேச வேண்டும். கடலில் காற்றை எதிர்த்து நாலு போட்டுக்கு அப்பால் கேட்கிற மாதிரி கத்துகிற என் கணவர், கூட்டம் என்றால் ஊமை. நாலே நாலு வாக்கியம் மனப்பாடம் செய்து கொடுத்திருந்தேன். எழுந்தார்.

“அது வந்து... அந்தப் பூச்சி இன்னான்னா...” என்றார். மீதி மூன்று வாக்கியமும் வரவில்லை.

“பொண்டாட்டிக்குப் புருஷன் சாட்சி. வேலிக்கு ஓணான் சாட்சி!” என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது.

ஊர்த் தலைவர் நல்ல மனிதர்தான். என்னைப் பார்த்துத் தன்மையாகவே சொன்னார். “டீச்சரம்மா, நீங்களே சுவத்துல ஒட்டி வெச்சிருக்கீங்கோ. ஆறு வாரமா சைபர். இல்லாத பூச்சிக்கு எடத்த எதுக்கு வுடணும்?”

என் எழுத்து, என் சாட்சி, எனக்கு எதிராக. கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை என்பது தெரிந்தும் வாய் திறந்தேன். “அது பூச்சியோட தப்பில்ல. என் தப்பு,” என்று ஆரம்பித்தேன். யாரோ உஷ் என்றார்கள். நான் நிறுத்தவில்லை. மீன் வாடைக்கு வெட்கப்பட்டு அண்ணியை விரட்டியதையும், தண்ணீர் போனதும் பூச்சி போனதையும் எல்லாரும் கேட்கச் சொன்னேன். அந்த வாடையில்லாதவர் அங்கே ஒருவரும் கிடையாது.

அப்போதுதான் நாத்தனார் பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த நெத்திலிக் கருவாட்டை ஒரு பேப்பரில் கொட்டித் தலைவர் முன்னால் வைத்தார்.

“களம் கேட்டது நானு. நீங்களே கடிச்சிப் பாருங்கோ. மண்ணு கீதுன்னா திங்கக்கெழம ஜேசிபிய வரச் சொல்லுங்கோ.”

அவர் இதைக் கடித்துப் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அன்று காலையிலிருந்து நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தலைவர் ஒரு நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு மென்றார். மொத்த ஊரும் ஒரு மனிதரின் கடைவாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நறுக்கென்று ஒரு சத்தம் வந்தால் உகாப் புதர் முடிந்தது. அவர் மென்றார், மென்றார், விழுங்கினார். இன்னொன்றை எடுத்தார். பக்கத்தில் இருந்தவரும் ஒன்று எடுத்தார்.

“மண்ணு இல்ல,” என்றார் தலைவர். “உப்புதான் கொஞ்சம் தூக்கல்.”

“உப்பு உங்க நாக்குல,” என்றார் நாத்தனார். “அப்ப களம் வேணாம். அது என் எடம், நா பாத்துக்கிறேன். மரத்துல யாரும் கைய வெக்கக்கூடாது.”

திங்கட்கிழமை ஜேசிபி வரவில்லை. பேப்பரில் இருந்த கருவாடு கூட்டம் கலைவதற்குள் காலி. கருவாட்டுக்கு உப்புக் குறைவாகப் போடும்படி நான் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். அதற்குக் கிடைத்த பதிலை எழுத முடியாது.

இப்போது புதரைச் சுற்றி வேலி இல்லை. வலைக்கட்டில் மூன்றாகிவிட்டது, இன்னும் இரண்டு பெண்கள் அங்கே மீன் போடுகிறார்கள். நான் மணலை எண்ணுகிறேன், இலையில் உள்ளதை நாத்தனார் எண்ணிச் சொல்கிறார். சென்னைக் குழு வரும் ஞாயிறுகளில் மூக்கைப் பொத்துகிறவர்களும் உண்டு. பொத்தட்டும். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துத்தான் ஆக வேண்டும், போட்டோ எடுக்க இரண்டு கையும் வேண்டும்.

போன மாதம் சென்னை அம்மா போன் செய்தார். நான் படம் எடுத்து அனுப்பிய நோட்டுப் பக்கங்களோடு எல்லா ஊர்க் கணக்கையும் ஒன்றாகச் சேர்க்கிறார்களாம்.

“உங்க நோட்டுல நடுவுல ஆறு வாரம் சைபர் இருக்கே. அப்போ வறட்சியா? இல்லை, மருந்து ஏதாவது அடிச்சாங்களா? காரணம் போடலைன்னா அதை எடுத்துடலாமா?”

“எடுக்காதீங்க,” என்றேன். “காரணம் நான் சொல்றேன், எழுதிக்கங்க.”

நோட்டை எடுத்து, அந்த ஆறு சைபருக்கும் பக்கத்தில் நானும் எழுதிக்கொண்டே போனில் சொன்னேன்: “இந்த ஆறு வாரமும் என் நாத்தனார் இங்கே இல்லை. நான்தான் போகச் சொன்னேன்.”